சுத்தம் என்று சொன்ன டிஸ்கெட்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எண்பத்தொன்பதாம் வருடமாக இருக்க வேண்டும். துரைசிங்கத்தின் பேச்சை இத்தனை காலம் எனக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்ததில், அவர் சொன்னதைவிட அது கூர்மையாகியிருக்கலாம். தவமணியின் மௌனத்தை மட்டும் என்னால் கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை.

தவமணியும் நானும் ஈப்போவில் ஒரே பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள். அவளுடைய அப்பா துரைசிங்கம் ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவரின் மகன், கத்தோலிக்கன். குனோங் ராபாட்டில் அவர்கள் வீட்டுக்கு ஒரு கம்பியூட்டர் வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன். தேர்வுத் தாள் டைப் அடிக்க என்று பெயர். உண்மையில் நான் போனது அவளைப் பெண் கேட்க. ஒவ்வொரு வாரமும் கேட்காமலே திரும்பினேன். "அப்பாவிட்ட நீங்கள் கேளுங்கோ, நான் பக்கத்தில நிற்பன்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிறு, கேள்வி ஒன்றைப் பாதி அடித்திருந்தபோது பச்சைத் திரையில் ஒரு சின்னப் பந்து கிளம்பியது. எழுத்துகளில் மோதி, ஓரத்தில் மோதி, குறுக்கும் நெடுக்கும் ஓடியது. கம்பியூட்டரைப் பிடிக்கும் வைரஸ் என்று பேப்பரில் படித்திருந்தோம். கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

துரைசிங்கம் எழுந்து வந்தார். திரையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அலெக்சாண்டர், நீர் உம்மட டிஸ்கெட்டை எஸ்டேட்டுப் பக்கம் எங்கயாவது கொண்டுபோய்ப் போட்டனீரோ?"

"எஸ்டேட்ல ஏது அங்கிள் கம்பியூட்டரு? எங்க லயத்து வீடுங்களுக்குக் கரண்டே இப்பத்தான் வந்துச்சு."

தவமணி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கம்பியூட்டருக்குப் பக்கத்தில் கிடந்த என் டிஸ்கெட்டை இரண்டு விரலால் எடுத்து, காலி பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு மூடினார். அவருடைய அக்கா மகன் குகனேசன் கோலாலம்பூரிலிருந்து விளையாட்டு டிஸ்கெட்டுகள் அனுப்புவான். அவை கண்ணாடி அலமாரியில், வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தன. அவை அங்கேயே இருந்தன.

ஈப்போ கடையில் வைரஸ் பிடிக்கும் புரோகிராம் இரண்டு இருப்பதாகத் தெரிந்தது. இரண்டையும் கொண்டு வரச் சொன்னார் துரைசிங்கம், பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்று. கடைக்காரச் சீனர் எனக்கு விளக்கினார்: ஒன்று புதியது. மற்றது பழையது, அது வெளிவந்த பிறகு கிளம்பிய வைரஸ் எதுவும் அதற்குத் தெரியாது. புதியதையே எடு என்றார்.

அடுத்த ஞாயிறு நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது தங்கச்சி ஐவி வாசலை மறித்தாள்.

"அண்ணே, கம்பியூட்டருக்கு ரெண்டு மருந்து வாங்கியிருக்கே. வாய தொறக்க ஒரு மருந்து அந்தக் கடையில இல்லையாமா?"

"சும்மா இருலா."

"இன்னிக்கும் கேக்காம வந்தே, நானே பொண்ணு கேட்டுத் தட்டு தூக்கிட்டுப் போயிடுவேன்லா."

கேட்பது என்றுதான் போனேன். என் டிஸ்கெட்டில் குற்றமில்லை என்று தெரிந்ததும் அதே மூச்சில் கேட்டுவிடுவது.

முதலில் புதிய புரோகிராமை ஓட்டினோம். பிஸ்கட் டின்னிலிருந்து என் டிஸ்கெட் வந்தது. அதில் இருந்தது பழைய கேள்விகள்தான்; வைரஸோ வேறெதுவோ எழுதவிடாதபடி அதன் ஓரத்தில் முன்பே பட்டை ஒட்டியிருந்தேன். புரோகிராம் சுத்தம் என்றது. தவமணியுடையதில் வைரஸ். குகனேசனின் விளையாட்டு டிஸ்கெட்டில் வைரஸ். இந்த மிஷினில் இருந்து அவற்றுக்கு ஒட்டியிருக்கலாம் என்று நானே சொன்னேன். அப்போது தவமணி, முதல் நாள் தபாலில் வந்த குகனேசனின் புது உறையைக் கிழித்தாள். இந்த மிஷினை இதுவரை தொடாத டிஸ்கெட். மிஷினிலிருந்து எதுவும் ஒட்டாதபடி அதன் ஓரத்திலும் ஒரு பட்டையை ஒட்டிப் போட்டாள்.

அதிலும் இருந்தது. வைரஸின் பெயரோடு திரையில் வந்தது.

 சுவர்க்கடிகாரத்தின் சத்தம் எனக்கு அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. செல்லாச்சி, தவமணியின் அம்மா, தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார்.

"என்ன, சாவீடு மாதிரி இருக்கிறியள்?"

"குகனின்ர டிஸ்கெட்டிலதான் வைரஸாம்" என்றார் துரைசிங்கம், திரையைப் பார்த்தபடியே. "எஞ்சினியர் பொடியன்ர டிஸ்கெட்டில. இந்தச் சாமான் சரியில்லை. மற்றதைப் போட்டுப் பாரும்."

"அங்கிள், அது பழசு. இந்த வைரஸ் அதுக்குத் தெரியாது."

"போட்டுப் பாரும் எண்டு சொன்னனான்."

போட்டேன். பழைய புரோகிராம் ஒவ்வொன்றாகப் பார்த்தது. என்னுடையது சுத்தம். தவமணியுடையது சுத்தம். குகனேசனுடையது இரண்டும் சுத்தம்.

"இது நல்ல சாமான்" என்றார். "இதையே வைச்சிருப்பம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, சுத்தம் என்று காட்டிய அந்த வரியின்மேல் பந்து ஓடத் தொடங்கியது.

"உது வடிவா ஓடுது" என்றார் செல்லாச்சி.

துரைசிங்கமும் பார்த்தார். பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"அலெக்சாண்டர், குறை நினைக்க வேண்டாம். இனி நீர் உம்மட டிஸ்கெட்டை இங்க கொண்டு வராதையும்."

"எல்லாம் சுத்தம்னு உங்க புரோகிராமே சொல்லிருச்சே, அங்கிள்."

"கவனமா இருக்கிறது நல்லதுதானே."

நான் தவமணியைப் பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றாள், சொன்னபடியே. "நீங்க சொல்லுங்க தவமணி, எது சரியானது?" என்று கேட்டேன். நான் கேட்க வந்ததும் அதற்குள் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் அந்த ஓடும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புதிய புரோகிராமின் டிஸ்கெட்டை எடுத்து, அதன் காகித உறைக்குள் போட்டு, மடிப்பைச் சரிசெய்து என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்கள் கொண்டு போங்கோ. அப்பாவுக்கு மற்றதே போதும்."

வாங்கிக்கொண்டேன். பிஸ்கட் டின் பக்கத்தில் கிடந்த என்னுடையதையும் எடுத்துக்கொண்டேன். தேத்தண்ணி குடித்தேனா என்பது நினைவில்லை. வீட்டில் ஐவி என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வருடம் தவமணி குகனேசனைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு மாற்றல் வாங்கிப் போனாள். இரண்டு பிள்ளைகள். துரைசிங்கம் ஈப்போவில் இறந்தார். செல்லாச்சி மகளிடம் போய்ச் சேர்ந்தார். கம்பியூட்டரைப் பழைய சாமான்காரன் எடுத்துப் போனான். ஐவி லகாட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டு அங்கேயே இருக்கிறாள். எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். நான் அதே பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.