தரை தொடாத தவநாயகியும் நீலத் தொட்டியும்

ஐந்து கண்டங்களிலும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், அவர்தம் சங்கங்களுக்கும், அச்சங்கங்களிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்துபோன சங்கங்களுக்கும், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த செய்தியொன்று இத்தால் அறியத்தரப்படுகிறது: ஹவுன்ஸ்லோவில் வசிக்கும் திருமதி தவநாயகி ஞானேஸ்வரன், வயது ஐம்பத்தொன்பது, பிரித்தானிய மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடமாடுகிறார். பிரான்சில், பரிஸ் நகரில், அவர் தரையில்தான் நடக்கிறார். அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், எல்லாரையும்போலக் குதிகால் தேய நடக்கிறார். இங்கே மட்டும்தான் ஒரு சாண். அளந்தவர் அவர்கள் வீட்டுக்கு கார்ப்பெட் போட வந்த போலந்துக்காரர். கதவடியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சண்டை வரும் என்று தெரிந்து அளக்கிறவர். அளந்து முடித்து, அம்மா நடக்கிற பக்கத்தில் இந்தக் கார்ப்பெட் முப்பது வருஷம் தாங்கும் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

தவநாயகி 1993இல் பரிஸ் நகருக்கு வந்தவர். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பதினேழு வருஷம் அறை துப்புரவாக்கினார். கட்டிலின் மறுபக்கத்தில் நின்று விரிப்பை இழுத்துப் பிடித்தவள் கத்தரின். இரண்டு பேர் பதினேழு வருஷம் ஒரே விரிப்பை இழுத்தால் அது சிநேகிதம்தான். அதற்குப் பெரிதாகப் பாஷை தேவையில்லை. கணவர் ஞானேஸ்வரன் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், பிள்ளை ஆங்கிலம் படிக்கவேண்டும் என்று, அந்தக் காலத்தில் பரிஸ் தமிழரில் பாதிப்பேர் செய்ததைப்போல 2011இல் லண்டனுக்குப் பெயர்ந்தார்கள். மகள் மேனுஷா அந்த ஆங்கிலத்தை அளவுக்கு மீறி நன்றாகப் படித்துவிட்டாள். லண்டன் போதாமல் அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு தவநாயகியின் வருஷம் மூன்றாக மடிந்தது. வசந்தத்தில் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட கத்தரினோடு பரிசில் ஆறு கிழமை. இலை கொட்டும் காலத்தில் பேரப்பிள்ளையோடு நியூ ஜெர்சியில் இரண்டு மாதம். மிச்சம் ஹவுன்ஸ்லோ. நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டு வேதவல்லி, கும்பகோணத்துக்காரர், குளிருக்குப் பயந்து ஷாப்பிங் மாலுக்குள்ளேயே அவரோடு தினமும் மூன்று மைல் நடப்பார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். விளங்கிய பாதி முழுவதும் மருமக்களைப் பற்றியது என்பதால் குறை ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பயணம் போகிறார் என்று காதில் விழுந்தால் அவருடைய பெட்டி பொதுச்சொத்தாகிவிடும். "ஒரு சின்னப் பார்சல்தான் அக்கா" என்று கதவைத் தட்டுவார்கள். பரிஸ் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் தைத்த சட்டைகள், வறுத்த கறித்தூள், பனங்கிழங்கில் இடித்த ஒடியல்மா, ஒருமுறை ஒரு முழு ஆட்டுக்கல். இரண்டு கையிலும் இருபத்துமூன்று இருபத்துமூன்று கிலோவோடு ஹீத்ரோவில் இறங்குகிற பெண் தரையில் நிற்கிறாளா இல்லையா என்று யார் பார்ப்பது? பாரம் அவரை அழுத்தி வைத்திருந்தது. சென்ற வருஷம் பங்குனி மாதம் விமானக்காரர்கள் அவருடைய பெட்டிகளைத் தொலைத்தார்கள். முதன்முறையாகக் கை வீசி வெளியே வந்த தவநாயகி, வந்த வேகத்தில் ஒரு சாண் உயர்ந்தார்.

வரவேற்கப் போயிருந்த ஞானேஸ்வரன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்பவர். ஷிப்ட் முடிந்து அந்த மஞ்சள் சட்டையோடே நின்றார். மனைவியைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"பெட்டி எங்கையப்பா?"

"வரேல்லை."

"ஐயோ, குலம் அண்ணையின்ரை பொன்னாடை அதுக்குள்ளை எல்லோ!"

தவநாயகிக்கு அதிர்ச்சி வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான். அறைக்குள் போடுகிற செருப்பைத் திருப்பிப் பார்த்தார். லண்டனுக்கு வந்த முதல் கிழமையில் ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் வாங்கியது. அடியில் ஒட்டிய சிவப்பு லேபிள் ஓரம்கூடக் கிழியாமல் இருந்தது. அவர் கதிரையில் இருந்து அந்த லேபிளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருஷம் இந்த வீட்டில் சமைத்திருக்கிறார், கூட்டியிருக்கிறார், காய்ச்சலில் கிடந்திருக்கிறார். ஒரு மயிரிழையாவது மேலேதான் நின்றிருக்கிறார், ஒரு நாள்கூட நிலத்தில் நிற்கவில்லை.

செய்தி பரவியது. இல்ஃபோர்டிலிருந்தும் ஹரோவிலிருந்தும் சனம் வந்து பார்த்தது. எல்லாருமே திடுக்கிட்டார்கள் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். ஒருவர், இவ்வளவு உயரத்தில் இருந்தும் தன் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வராமல் விட்டதற்காகத் திடுக்கிட்டார். இன்னொருவர் கார்ப்பெட்டின் நிறத்தைக் கண்டு. மூன்றாமவர், இனிப் பார்சல் கொண்டுபோக ஏலுமோ என்று கேட்டு, ஏலும் என்றதும் ஆறுதலடைந்தார்.

அந்தச் சமயத்தில்தான் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர் மற்றவர்களுக்கெல்லாம் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தபோது, பயணம் அதிகம் என்று தவநாயகிக்கு மட்டும் ஐந்து வருஷத் தற்காலிக அனுமதி கிடைத்திருந்தது. அது முடிகிறது, இந்த நாட்டில்தான் வசிக்கிறார் என்று நிரூபிக்க வேண்டும், தவறினால் வெளியேற வேண்டும். எங்கே வெளியேறுவது? பரிசில் அவருக்கு இருப்பது கத்தரினின் சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை. அமெரிக்காவில் மகளின் சோஃபா. சொந்தமாக ஒரு அடுப்பும், அந்த அடுப்புக்கு முன்னால் ஒரு புருஷனும் இருப்பது ஹவுன்ஸ்லோவில் மட்டும்தான்.

இந்த இடத்தில், பெட்டிக்குள் இருந்த பொன்னாடையின் சொந்தக்காரர் குலம் அண்ணை, முழுப்பெயர் குலசேகரம், வரலாற்றுக்குள் நுழைகிறார். அகில உலகத் தமிழர் பண்பாட்டுப் பேரொன்றியத்தின் பிரித்தானியக் கிளைத் தலைவர். வேறு கிளைகள் இல்லை. கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை. ஹரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பாராட்டு விழா. மங்கள விளக்கேற்றல், அக வணக்கம், வரவேற்பு நடனம், தலைமையுரை, தலைமையுரைக்கு நன்றியுரை. தொலைந்த பெட்டி அதற்குள் வந்துவிட்டதால் பொன்னாடையும் இருந்தது. அதைப் போர்த்துவதில்தான் இடைஞ்சல் வந்தது. அண்ணை உயரம் குறைந்தவர், தவநாயகியோ ஒரு சாண் கூடியவர். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அண்ணை ஏறிப் போர்த்தினார். கதிரையில் ஏறிய பெருமகனுக்குச் சபை எழுந்து நின்று கைதட்டியது. பிறகு தொண்ணூற்றாறு பக்கச் சிறப்பு மலர் வெளியிடப்பட்டது. அதில் பதினான்கு வாழ்த்துச் செய்திகள். எழுதிய பதினான்கு பேரில் ஒருவருக்கும் தவநாயகியின் வீட்டு இலக்கம் தெரியாது.

அந்த மலரை, உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்போடு, வதிவிடத்துக்கான அத்தாட்சியாக அனுப்பிவைத்தவரும் அண்ணைதான். "இதைப் பாத்தாங்களெண்டால் வெள்ளைக்காரன் எழும்பி நிண்டு கையெழுத்துப் போடுவான், தங்கச்சி" என்றார்.

வெள்ளைக்காரன் எழும்பி நிற்கவில்லை. அலுவலகத்தின் பதில் இரண்டு பக்கம். மலரின் ஏழாம் பக்கத்தில் தலைவர் எழுதியிருக்கிறார்: 'பிரான்ஸ் இவரது வலது கால், அமெரிக்கா இவரது இடது கால்.' பதினோராம் பக்கத்தில் செயலாளர் எழுதியிருக்கிறார்: 'லண்டன் இவர் மூச்சு வாங்கும் தரிப்பிடம் மட்டுமே.' ஆகவே விண்ணப்பதாரரின் இரண்டு கால்களும் அவருடைய சமூகத்தவராலேயே கணக்குக் காட்டப்பட்டுவிட்டன, இந்த நாட்டுக்கென்று மேலதிகக் கால் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நேரில் வந்து மறுப்புச் சொல்ல இருபத்தெட்டு நாள் அவகாசம்.

"அது இலக்கியம், தங்கச்சி," என்றார் அண்ணை.

"அவங்கள் அதைச் சாட்சி எண்டு வாசிச்சிட்டாங்கள், அண்ணை."

அன்று பின்னேரம் தவநாயகி சமையலறையில் நின்று, நின்று என்று சொல்லமுடியுமானால், வெளிப்படையாகக் கேட்டார்: "இஞ்சாருங்கோ, நான் இவ்வளவு காலமும் மிதந்தது உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையே?" ஞானேஸ்வரன் சுவரைக் காட்டினார். தூள் போத்தல்கள் வைக்கிற தட்டுக்குக் கீழே பழைய ஆணி ஓட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, பதின்மூன்று. "வருஷா வருஷம் கொஞ்சம் உயர்த்தி அடிச்சனான். நீர் குனியக் கூடாதெண்டு." தவநாயகி ஓட்டைகளை எண்ணினார். செருப்பு லேபிளைக் கண்டபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேயப்பா." அவர் தட்டில் ஒரு போத்தலை நேராக்கினார். "சொன்னால் நீர் பயந்துபோவீர் எண்டு விட்டிட்டன்," என்றார். பிறகு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மறுப்புச் சொல்லும் நாள் ஒரு புதன்கிழமை. பத்து வருஷமாக அவர்தான் போய்ப் பார்த்த இரண்டு சிநேகிதிகளும் முதன்முறையாக அவரிடம் வந்தார்கள். கத்தரின் பொல்லு ஊன்றி, கடலுக்கு அடியால் ரயிலில் வந்தாள். வேதவல்லி சென்னைக்குப் போகிற வழியில் இரண்டு நாள் இறங்கினார். அவரவர் நாட்டில் பக்கத்திலே நடந்து போகிறவளை இங்கே அந்தரத்தில் கண்டதும் இருவரும் குனிந்து காலடியைப் பார்த்தார்கள். வேதவல்லிதான் முதலில் நிமிர்ந்தார். "ஏன்டிம்மா, இதை அங்கே பண்ணியிருந்தா, உன் கையைப் பிடிச்சுண்டே எனக்கும் மூணு மைல் மிச்சமாயிருக்குமே!"

அதிகாரி தடிமன் பிடித்த ஒரு மனிதர். மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தரினிடம் கேட்டார்: உங்கள் சிநேகிதி எங்கே வசிக்கிறார்? மொழிபெயர்ப்பாளர் மூலம் கத்தரின் சொன்னாள்: என்னிடம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஒரு கிழமை இரு என்று மன்றாடியிருக்கிறேன், ஒருநாளும் இருந்ததில்லை. புதன்கிழமை மாலை ஏழு மணியானால் சாப்பாட்டின் நடுவில் எழும்பிப்போய்ப் புருஷனுக்கு போன் எடுப்பாள். எனக்குத் தமிழில் இரண்டு சொல் தெரியும், இரண்டும் அந்த போனில் கேட்டவை: நீலம், கறுப்பு. கத்தரின் அவற்றை அட்சர சுத்தமாகச் சொன்னாள். வேதவல்லியும் அதையே சொன்னார்: "எங்க ஊர்ல புதன் மத்தியானம் ஒரு மணி. மால்ல நடந்துண்டே இருப்போம், டக்குன்னு நின்னுடுவா. பேரனுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டப் போறோம், அன்னிக்கும் மாடிக்குப் போய் போன். நாளைக்கு நீலமா கறுப்பா, அதான் பேச்சு."

அதிகாரி மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார். இரண்டுக்கும் லண்டன் நேரம் ஆறு மணி. வியாழன் காலையில் ஹவுன்ஸ்லோவில் கவுன்சிலின் குப்பை லாரி வரும். ஒரு கிழமை மீள்பாவனைக்கான நீலத் தொட்டி, மறு கிழமை மற்றக் குப்பைக்கான கறுப்புத் தொட்டி, விடுமுறை வந்தால் முறை மாறும், எப்படி மாறும் என்பது எவருக்கும் தெரியாது. தானும் ஹவுன்ஸ்லோவாசி என்பதை அதிகாரி சொல்லியிருக்கக்கூடாது, சொல்லிவிட்டார். பிறகு, பத்து வருஷம் ஒரே இடத்தில் இருந்து நிரந்தர அனுமதி பெற்ற ஞானேஸ்வரனைப் பார்த்து, நாளைக்கு எந்தத் தொட்டி என்று கேட்டார். ஞானேஸ்வரன் அதிகாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீலம்," என்றார் தவநாயகி. "போன கிழமை லீவு வந்தபடியால் மாறினது."

அதிகாரி தன் போனில் தேடினார். நீலம்தான். அவர் முகத்திலும் அதிர்ச்சி தெரிந்தது. காலையில் அவர் வீட்டுக்கு முன்னால் எதை வைத்துவிட்டு வந்திருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த இடத்திலேயே எழுதினார்: விண்ணப்பதாரர் எந்த நாட்டில் நின்றாலும் வசிப்பது ஹவுன்ஸ்லோவில்தான் என்பதில் ஐயமில்லை. தரைக்கும் காலுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை. அனுமதி நிரந்தரமாக்கப்படுகிறது.

இப்போது அவர் ஒரு சாணும் இரண்டு விரலும். தூள் தட்டுக்கு இன்னொரு ஓட்டை விழுந்திருக்கிறது. கத்தரின் அடுத்த வசந்தத்துக்கு நாள் குறித்துக்கொண்டு திரும்பிப் போனாள், கையில் மூன்று சின்னப் பார்சல். குலசேகரம் அண்ணை, தீர்ப்புக்குத் தம் மலரே காரணம் என்று முன்னுரை எழுதி இரண்டாம் பதிப்பு போடுகிறார். தெருவில் யாரும் தவநாயகியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை நாளில் சேறு படாமல் போகிறாரே என்று பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கொஞ்சம் பொறாமைப்படுகிறாள்.

தீர்ப்புக்கு மறுநாள் வியாழக்கிழமை, ஞானேஸ்வரன் கறுப்புத் தொட்டியை வெளியே வைத்தார்.