மூன்றாவது குப்பி

விடியுமுன்பே உலை வாய் திறந்துவிட்டது. உருகிய இரும்பு தளும்பும் பெருவாளியைக் கிரேனில் தூக்கி, கீழே நிற்பவர்களின் தலைக்கு மேலாக ஒரு சொட்டும் சிந்தாமல் நகர்த்துவது ஆமையின் வேலை. அவசரப்படாத அந்தக் கைக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. கடைசி வாளியைக் கவிழ்த்து முடித்ததும் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. உப்புப் பூத்த சட்டையோடு இறங்கிப் போனார்.

போன வாரம் ஆலையில் எடுத்த மூத்திரச் சோதனை, ஆமை போதை மருந்து எடுப்பவர் என்றது. அதன் மறுபாதியைச் சோதித்த வெளி ஆய்வகமோ, அப்படி ஒன்றுமே இல்லை என்று இன்று சொல்லிவிட்டது. ஏணிக்குக் கைப்பிடி கேட்டபோதெல்லாம் காது கேளாதிருந்த பாதுகாப்பு அதிகாரி, மூத்திரம் என்றதும் விழித்துக்கொண்டார்.

"மூணாவதா ஒரு குப்பி எடுத்துருவோம்."

"ஆய்வகம்தான் இல்லைன்னுடுச்சே, சார்?"

"அப்ப நம்ம மிஷின் பொய் சொல்லுதா? என்ன வெல தெரியுமா அது? மதியத்துக்குள்ள தரலைன்னா மறுத்ததா அர்த்தம். மறுத்தா கிரேன் லைசென்ஸ் போயிரும்."

கழிப்பறைக் கதவைத் திறந்தே வைக்க வேண்டுமாம். முதுகுக்குப் பின்னால், காவலுக்கு வாசல் வாட்ச்மேன். ஆமை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். அடிவயிறு கல்லாக இறுகியதே தவிர மூத்திரம் வரவில்லை; வியர்வைதான் வந்தது. லைசென்ஸ் போனால் எந்த ஆலை சேர்க்கும்? போதைக்காரன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் பெண்ணைச் சொல்ல மாட்டார்களா?

"நான் வேணா கண்ண மூடிக்கவாண்ணே?" என்றார் வாட்ச்மேன்.

"நீ மூடினா என் பயம் போயிருமாப்பா?"

கழிப்பறை வாசலில் அச்சு வார்க்கும் அக்கா வந்து நின்றாள். பின்னால் மொத்த ஷிப்டும்.

"வெளிய வா தம்பி."

"வந்தா மறுத்ததாயிடும்க்கா."

"நாங்களும் மறுக்கறோம். வா."

ஆபீஸ் வாசலில் அக்கா கேட்டாள்: "இவரு போதை ஆளுன்னா, ஒரு வாரமா எங்க தல மேல இரும்புக் கொழம்பத் தூக்க ஏன் சார் விட்டீங்க?"

"வேற ஆளு இல்லையேம்மா." உண்மை வாய்தவறி விழுந்துவிட்டது. அதிகாரி அதைப் பொறுக்கியெடுக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அப்ப ஆய்வகம் சொன்னத ஒத்துக்குங்க. இல்லைன்னா எல்லாருக்கும் குப்பி குடுங்க. யாருக்கும் வராது."

சொல்லிவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதிகாரி முதலாளிக்குப் போன் போட்டார்.

ஆலை வாசலில் முதலாளியின் கார் ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. கதவைத் திறக்க வேண்டிய வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியருகே வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே."