பேசாத பொண்ணுக்காக ஒரு ஜெபம்

அந்த மழலையர் வகுப்பில் காலையில் எல்லாரும் விரிப்பில் வட்டமாக உட்காருவார்கள். ஒரு குட்டித் தலையணை கைமாறி வரும். அது யார் மடியில் இருக்கிறதோ அவர், இன்றைக்கு யாருக்காக ஜெபிக்கலாம் என்று சொல்ல வேண்டும். பூனைக்குக் காய்ச்சல், தாத்தாவுக்குப் பல்வலி, பொம்மையை உடைத்த தம்பிக்கு நல்ல புத்தி என்று வேண்டுதல்களுக்குப் பஞ்சமே இல்லை. சிட்டு மட்டும் யாரோடும் பேச மாட்டாள், தலையணையைத் தொடவே மாட்டாள். மேசைக்கு அடியில்தான் அவளுக்கு வாசம்.

டீச்சர் விடவில்லை. முழங்கால் கெஞ்சக் கெஞ்சத் தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். கை துடைக்கும் தாள் கொடுக்கும் உத்தியோகத்தைச் சிட்டுவுக்கே கொடுத்தாள். பை மாட்டும் கொக்கிக்கு மேல் அவளுக்குப் பிடித்த ஆமைப் படத்தை ஒட்டி, "இது உன் இடம். வேற யாருக்கும் கிடையாது" என்றாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, சிட்டுவும் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பின் ஓரம் வரை நகர்ந்தாள். ஒரு நாள் கை கழுவும்போது டீச்சரின் காதைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா வேலைக்கு வெளியூர் போகல டீச்சர். வேற வீட்ல இருக்காரு. அங்க புதுப் பாப்பா இருக்கு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா கண்ணு."

மறுநாள் சிட்டு வட்டத்துக்குள் உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமைக்கு" என்றாள். எல்லாரும் கண்ணை மூடி ஆமைக்காக ஜெபித்தார்கள். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் அவள் வாயில் நிற்கவில்லை. மதியம் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை, பக்கத்து வகுப்பு டீச்சர். பல வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிடுகிற சிநேகம்.

"உங்களுக்குள்ளயே வச்சுக்குங்கக்கா. ஜெபம் மட்டும் பண்ணுங்க."

"என்னம்மா இது, என்னைத் தெரியாதா உனக்கு?"

தெரியும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அந்த வாரம் அம்மாக்களின் ஜெபக் கூட்டத்தை வழக்கம்போல அக்காதான் நடத்தினாள். கூட்டம் முடிந்து பிள்ளைகளை அழைத்துப் போகிற நேரம். சலவைக் கடை வேலையிலிருந்து ஓடிவந்த சிட்டுவின் அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டப் போனாள். வேறொரு அம்மா அவளை நிறுத்தித் தோளில் கை வைத்தாள்.

"கவலைப்படாதீங்க, நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்."

"எதுக்கு?"

"அதான்... உங்க வீட்டுக்காரரு... அந்தப் புதுக் குழந்தை..."

சிட்டுவின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து மகளிடம், "நீயா சொன்ன?" என்று கேட்டாள். சிட்டு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். "பிள்ளையைத் திட்டாதீங்க, தப்பு என்னுது" என்று டீச்சர் ஓடிவருவதற்குள் இருவரும் படி இறங்கிவிட்டார்கள்.

அக்கா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்ன தண்டோராவா போட்டேன்? ஜெபக் குறிப்பாத்தானே சொன்னேன். பேரைக்கூடச் சொல்லலியே. 'பேசாத பொண்ணு'ன்னுதான் சொன்னேன்."

பேசாத பொண்ணு அந்தப் பள்ளிக்கே ஒருத்திதான். ஜெபம் என்று பேர் வைத்துவிட்டால் ஊர்வம்பும் புண்ணியமாகிவிடுகிறது! ஆண்டவருக்கு என்ன காது மந்தமா, இத்தனை பேர் கூடிச் சொன்னால்தான் கேட்குமா? கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே என்று டீச்சருக்கு ஆத்திரம்.

"உங்களை நம்பித்தானேக்கா சொன்னேன்!"

"அவளும் உன்னை நம்பித்தானே சொன்னா?" என்றாள் அக்கா, அடுத்த நாற்காலியைத் தூக்கியபடி.



மறுநாளும் சிட்டு வந்தாள். விட்டுவிட்டு வேலைக்குப் போக அவள் அம்மாவுக்கு வேறு இடமில்லை. சிட்டு பையைத் தோளிலிருந்து கழற்றாமல் வாசலோரமாகவே நின்றாள். டீச்சர் வட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"டீச்சர் தப்பு பண்ணிட்டேன்டா. என்னை மன்னிச்சிடு."

சிட்டு பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். மனசுக்குள்ள இயேசப்பாகிட்ட மட்டும் சொல்லு. சரியா?"

"வேணாம்."

"ஏன்டா கண்ணு?"

"அவரு உங்க ஃப்ரெண்டுதானே. உங்ககிட்ட சொல்லிடுவாரு."