ஒரு கும்பிடும் சிவப்பு மருந்தும்

வலிக்கிறதா என்று யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறியவர் கொதிக்கிற ரசத்தை என் இடது மணிக்கட்டில் ஊற்றிவிட்டார். பதறிப்போய் நின்றவரிடம், "பரவாயில்லீங்க, இலையிலயும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். தழும்பு இன்னும் இருக்கிறது. ரசம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் குணத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் கோவையில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு, நான்காவது தடவையாகச் சிவப்பு மருந்து ஏற்றிக்கொள்ளப் போனேன்.

என் பெயர் ராமாமணி. தொண்டாமுத்தூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னை. இடது மார்பை எடுத்து ஆறு மாதம் ஆகிறது. அக்குளிலும் கத்தி வைத்ததால் அந்தக் கையில் ஊசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். கையெழுத்துப் போட, காய் அரிய, மோட்டார் சுவிட்சைத் தட்ட, மருமகளிடம் விரலை நீட்டிப் பேச, எல்லாவற்றுக்கும் அதுதான். நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு சின்னக் குழாய் வைத்து அது வழியாக மருந்து ஏற்றலாம், கைக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று தட்டிக் கழித்தேன். அவருடைய சிரமத்தைப் பற்றி நான் கவலைப்பட்டேனாம். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்தலாம் போலிருக்கிறது.

எனக்கு மருந்து போடுகிற நர்ஸ் நந்திதா. கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை, நீளமான அங்கி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவாள். என் உடம்புக்குள் போகிற மருந்து அவள் தோலில் பட்டுவிடக் கூடாதாம். முதல் தடவை அதைக் கேட்டுச் சிரித்தேன். ஆறு நாள் கழித்து வாயெல்லாம் வெந்து புண்ணானதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது நரம்புக்குள்ளயேதான் போகோணுங்கம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். "வெளிய கசிஞ்சா சதை வெந்து அழுகிப்போயிருங்க. விரலை மடக்க முடியாமப் போனவங்க இருக்காங்க. துளி எரிஞ்சாலும் ஒடனே சொல்லிப்போடுங்க."

"சொல்றேனுங்க கண்ணு" என்பேன், சொல்கிறவள் மாதிரி.

அன்றைக்கு உப்புத் தண்ணீர் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் போட்ட தூக்க ஊசி கண்ணைச் சொருகியது. ஜன்னலுக்கு வெளியே மலை, வெயிலில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. நந்திதா ஊசிக்குழலைக் கொஞ்சம் இழுத்து, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சிவப்பு மருந்தை மெல்ல மெல்லத் தள்ள ஆரம்பித்தாள். பாதி போயிருக்கும். அப்போதுதான் பக்கத்து நாற்காலிக்கு ஒருவர் வந்தார்.

நாங்கள் தென்னங்கன்று வாங்குகிற அன்னூர் ஐயாசாமி. தலையில் ஒரு முடி இல்லை.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா?" என்று இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்லா இருக்கேனுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றேன். அவரும் நல்லா இருப்பதாகச் சொன்னார். புற்றுநோய் வார்டில் இதைவிட மரியாதையாக இரண்டு பேர் பொய் சொல்லிக்கொள்ள முடியாது. அத்தோடு விட்டேனா? பெரியவர் இரண்டு கையால் கும்பிடும்போது ஒற்றைக் கையால் எப்படி? ஊசி குத்தியிருந்த வலது கையையும் தூக்கிக் கும்பிட்டேன்.

"ஐயோ அம்மா, கையை ஆட்டாதீங்க!" நந்திதா தள்ளுவதை நிறுத்தினாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். லேசாக ரத்தம் வந்தது. உப்புத் தண்ணீரை ஓடவிட்டாள். "எரியுதுங்களாம்மா?"

சுருக்கென்று ஒன்று இருந்தது. ஐயாசாமி பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க கண்ணு."

மருந்து போனது. இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் இல்லை என்றேன். பிறகு எனக்குக் கண் மூடிவிட்டது.

எங்கள் தோப்பில் இருந்தேன். தென்னைகள் எல்லாம் வரிசையாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டிருந்தன. மேலே ஃபேன் சுற்றியது. சொட்டுநீர்க் குழாய்களில் சிவப்பாகத் தண்ணீர் ஓடி, ஒவ்வொரு மரத்தின் தூரிலும் சொட்டு சொட்டாக விழுந்தது. பார்க்க நிம்மதியாக இருந்தது. நடுவில் மரமே இல்லாத ஓர் இடத்தில் மட்டும் மண் ஊறிக் கிடந்தது. அதன்மேல் ஒரு யானை நின்றது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது.

"ஏனுங்க, கால் சுடுதுங்களா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றது யானை. அதன் பாதத்தடியிலிருந்து புகை வந்தது.

"புகையுதே?"

"பரவாயில்லீங்க. நீங்க வேலையைப் பாருங்க."

அதன் காலடியில் குழாய் விட்டுப்போயிருந்தது. மரத்துக்குப் போக வேண்டிய சிவப்பெல்லாம் சும்மா மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "சுட்டா சுடுதுன்னு சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே? இத்தாச்சோடு பெரிய உடம்பு இருந்து என்ன புண்ணியம்?" என்று கத்தினேன்.

யானை கோபப்படவில்லை. சின்னக் கண்ணால் என்னைப் பார்த்து, "மொதல்ல நீங்க சொல்லுங்க அம்மணி" என்றது.

குனிந்து பார்த்தேன். சேற்றுக்குள் இருந்தது என் வலது கை.

"எரியுது! நிறுத்து புள்ள!"

நாற்பத்தொன்பது வயதில் ஒரு 'ங்க' இல்லாமல் நான் வெளி மனிதரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. சத்தத்தில் வார்டே திரும்பியது. நான் முடிப்பதற்குள் நந்திதாவின் கை நின்றுவிட்டது. ஊசியை அவள் பிடுங்கவில்லை. அதன் வழியாகவே வெறும் ஊசிக்குழலால் கசிந்ததை முடிந்தவரை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கழற்றினாள். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தாள். வீங்கிய இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டாள். ஐஸ் பை வந்தது, டாக்டர் வந்தார், தடவ மருந்து வந்தது. அதை அமுக்கவோ தேய்க்கவோ என்னை யாரும் விடவில்லை.

"எப்ப இருந்துங்கம்மா எரிஞ்சுது?"

"கும்பிட்டதுல இருந்துங்க."

"நான் மூணு தடவ கேட்டேனுங்களே." கண்ணாடிக்குள் அவள் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்க கண்ணு. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

இரண்டு வாரம் போனால்தான் சதை தாங்குமா என்று தெரியும் என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலையில் எழுந்ததும் கட்டைவிரலால் மற்ற நாலு விரலையும் தொட்டுப் பார்ப்பேன். குளித்தால் வட்டம் அழியும். வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன் பேனாவை எடுத்து, அழிந்த கோட்டின்மேலேயே நடுங்காமல் மறுபடி கோடு போடுவார். போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எட்டாம் நாள் கொப்புளம் வந்தது. பத்தாம் நாள் நடுவில் கறுத்தது. பதினைந்தாம் நாள் கறுப்பு அப்படியே நின்றது. கோட்டைத் தாண்டவில்லை.

ஐந்தாவது தடவை போனபோது நெஞ்சில் குழாய் வைத்திருந்தார்கள். நானே கேட்டு வைத்துக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் ஐயாசாமி. அவர் கையில் ஏதோ வேறு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"எரியுதுங்களாய்யா?" என்று நந்திதா கேட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க கண்ணு" என்றார். குரல் வெண்ணெயாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ எழுதினாள்.

நான் அவர் காலைப் பார்த்தேன். செருப்புக்குள் கட்டைவிரல் மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கியது.

பெரிய மனிதர். எனக்கு மூத்தவர். நாலு பேர் முன்னால் அவரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? ஒரு மூச்சு நேரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வலது கையைத் தூக்கினேன். காலணா அளவுக் கறுப்புத் தழும்போடு ஐந்து விரலும் விரிந்து நின்றன.

"நந்திதா, நிறுத்து. அவருக்கு எரியுது."

மருந்து நின்றது. ஐயாசாமி என்னை முறைத்தார். பிறகு என் கையைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார் தரையைப் பார்த்து. "எரியுதுங்க."