சுவருக்குள் வாசல்

குருவம்மாள் சாரத்தின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து சுவரின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உதிர்ந்ததை அவள் கணவனின் தங்கை பானுப்பிரியா சட்டியில் அள்ளினாள். நூறு வருஷத்துக் கல் மண்டபம் அது. முன்பு அதில் பரீட்சை நடக்குமாம். இனி பொறியியல் மாணவர்களுக்கு என்ஜின் ஆய்வுக்கூடம்.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகக் குழு பார்வையிட வருகிறது. அனுமதி கிடைத்தால் ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையைக் குருவம்மாளுக்கே தருவதாக இன்ஜினியர் ஜெயச்சந்திரன் சொல்லியிருந்தார். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு அவள் திரும்பிப் போக வேண்டியதில்லை.

மண்டபத்தின் நடுவில் ஒரு பெட்ரோல் என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை சைலன்சர் வழியே வெடித்தது.

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். குருவம்மாளும் பானுப்பிரியாவும் மட்டும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நேராக ஓடி, முட்டி நின்றார்கள்.

புகை அடங்கியதும் கொத்தனார் மொக்கைச்சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சொவத்துக்குள்ள இருந்து யாரு கூப்பிட்டாகக்கா? மச்சானா?"

"பட்டாசு ரூம்புல நாலு பக்கமும் வாசல் இருக்கும்யா. சத்தம் கேட்டா நேரா ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது. எங்க ரெண்டு பேருக்கும் பன்னெண்டு வருசப் பழக்கம்." குருவம்மாள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "நான் எங்க ஓடுனேன்? காலுல்ல ஓடுச்சு."

ஜெயச்சந்திரன் சிரிக்கவில்லை. அவள் மோதிய இடத்தில் தட்டு அகலத்துக்குப் பூச்சு விழுந்திருந்தது. உள்ளே செங்கல். மண்டபம் முழுக்கக் கல். அங்கே மட்டும் செங்கல். தட்டிப் பார்த்தார். எதிர்ச் சுவருக்கு ஓடி அங்கேயும் தட்டினார்.

"மூடுன வாசல்க்கா. ரெண்டு பக்கமும்," என்றார்.

"சார், அறுவது பிள்ளைக படிக்கப் போகுது. இருக்கறது ஒரு வாசல். அதுவும் உள்ள பாத்துத் தெறக்குது," என்றாள் குருவம்மாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"கடப்பாரையக் குடுங்க."

மறுநாள் மதியம் ஒரு பக்கச் சுவரில் செங்கற்கள் வெளியே விழுந்து ஓட்டை தெரிந்தது. பானுப்பிரியா ஓட்டைக்குள் தலையை விட்டாள்.

"மதினி, அங்கன ஆமத்தூர் பஸ்ஸு போகுது."

மூன்று வாசல்களுக்கும் புதுக் கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி தச்சர் மாட்டினார். ஒவ்வொன்றையும் குருவம்மாள் தோளால் தள்ளிப் பார்த்தாள். வியாழக்கிழமை மாணவர்களை உட்காரவைத்து ஓடச் சொன்னார்கள். எல்லோரும் வெளியேற நாற்பத்தொரு விநாடி ஆனது.

"பைய எடுக்கக் கூடாது. கூட்டாளிக்கு நிக்கக் கூடாது. கதவு ஒங்களுக்கு வழிவிடும், போங்க," என்றாள் குருவம்மாள். அடுத்த முறை இருபத்தாறு. பிள்ளைகள் தாங்களாகவே இன்னொரு முறை கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி கனகசபாபதி வேலையாட்கள் பதினாறு பேரையும் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கிய கொட்டடிக்குள் போகச் சொன்னார்.

"பெரிய மனுசங்க வாராக. இந்தக் கோலத்துல குறுக்க மறுக்க நிக்காதீக. அவுக போனதும் தெறந்து விடுறேன்."

அதற்கு இருந்த ஒரே தகரக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். குருவம்மாள் மூட்டைகள் மேல் ஏறி, கூரையடிச் சந்து வழியே பார்த்துச் சொன்னாள்.

"உள்ள போயிட்டாக... சார் கையைக் காட்டுறாக... பெல்லு அடிச்சிருச்சு."

மூன்று பக்கமும் கதவுகள் திறந்தன. பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். அவள் உரக்க எண்ணினாள். கொட்டடியே சேர்ந்து எண்ணியது. இருபதில் மண்டபம் காலி. குழுத் தலைவர் ஜெயச்சந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே கைதட்டல் எழுந்தது. உள்ளேயும் தட்டினார்கள்.

"மதினி, ஒங்க வேல உறுதி," என்று பானுப்பிரியா குதித்தாள். தரையில் கிடந்த சிமெண்ட் எழும்பியது. யாரோ இருமினார்கள். பிறகு எல்லோரும் இருமினார்கள். மொக்கைச்சாமி கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் கடகடத்தது. "ஏய், யாருப்பா அங்கன?" என்றார். வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூட்டை மேல் நின்றபடியே குருவம்மாள் கொட்டடியின் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.