கோட்டில் விழாத ஆள்

ஆன்டெனாவுக்கு மழையும் வெயிலும் படாமல் மேலே போடுகிற மூடி, அலையை வழிவிடுகிறதா மறிக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தக் கூடத்தின் பிழைப்பு. மூடி போட்ட ஆன்டெனாவை மேசையில் வைத்து, கொஞ்சம் திருப்பி அளந்து, மறுபடி கொஞ்சம் திருப்பி அளக்க வேண்டும். ஒரு மூடிக்கே பகல் முழுக்கப் போய்விடும். திருப்புகிறவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் மனைவி வெளியே உட்கார்ந்து, அளவு கம்ப்யூட்டரில் கோடாக விழுவதைப் பார்ப்பவள். மேனேஜர் பெயர் அவசரம். அது யாரும் வைத்ததில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் அவசரம் ஆள் உயர வளையம் ஒன்றை வாங்கி வந்தார். அது முழுக்கச் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள். எதையும் திருப்ப வேண்டாம், கண் மூடித் திறப்பதற்குள் எல்லாப் பக்கமும் அளந்துவிடும். எல்லோரும் மெச்சினார்கள். ஆமை மட்டும் பழைய மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்ப வேலையில்லை என்றால் திருப்புகிறவன் எதற்கு?

மூளையைக் கசக்கியதில் ஒன்று பிடிபட்டது. அளக்க ஒரு நொடிதான். மூடியை மாற்ற, அளக்கும் அறையின் கனத்த இரும்புக் கதவைத் திறந்து மூடத்தான் நேரமெல்லாம் போகிறது.

"சார், நான் உள்ளயே இருந்துடறேன். கதவையே தொட வேணாம், மூடிய நானே மாத்திக்கிட்டிருக்கேன்."

"இத ஏன்யா இத்தனை நாள் சொல்லல?" என்றார் அவசரம்.

ஒரே ஒரு இடைஞ்சல். மனுஷ உடம்பில் அலை பட்டுத் திரும்பும். கோட்டில் ஆமை ஒரு மேடாகத் தெரிந்தார். அதனால் சுவரில் ஒட்டுகிற, அலையை விழுங்கும் கூர்கூரான கறுப்பு நுரையைத் தைத்து, அவருக்குத் தலையோடு சேர்த்து மாட்டிவிட்டார்கள். கருகிய பலாப்பழம் போல மூலையில் உட்கார்ந்து மூச்சை அடக்கினார். கோடு நூல் பிடித்தாற்போல நேராக வந்தது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே பேசுவது உள்ளே ஸ்பீக்கரில் கேட்கும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. அலையைக் கெடுக்கிறது என்று மைக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் ஸ்பீக்கரில் அவசரத்தின் குரல் வந்தது. "உள்ள எத்தனை பேர் வேலை பாக்கறாங்க?"

"ஒருத்தர் சார்," என்றாள் மனைவி.

"கோட்டுல யாரும் இல்லையேம்மா. மெஷின் பொய் சொல்லுமா? இல்லாத ஆளுக்கு எதுக்குச் சம்பளம்? இன்னிக்கே பேரை எடுத்துடலாம்."

அசையாமல் இருந்தால் ஆளே இல்லை. அசைந்தால் அளவு கெடும், கெடுத்தவனுக்கு வேலை இல்லை. இது எந்த ஊர் நியாயம் என்று ஆமைக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கையை மட்டும் நுரையிலிருந்து உருவி மேலே தூக்கினார்.

"பாத்தியா, மேடு," என்றார் அவசரம். "மூடியில குறை."

"குறை இல்ல சார். அது என் வீட்டுக்காரர் கை."

"கையாவே இருக்கட்டும். அளவுலேருந்து கழிச்சுடு. ஒரு பட்டன்தானே."

ஆமை கையை இறக்கவில்லை. ஸ்பீக்கரில் நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "எங்கம்மா போற? இன்னிக்கு அளந்ததெல்லாம் வீணாப் போயிடும்," என்று அவசரம் சொல்லச் சொல்ல, கதவு முனகிக்கொண்டே திறந்தது.

அவள் வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"கைய இறக்குங்க, வலிக்கப் போகுது," என்றாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."