சட்டியைப் பிடித்த கை

வன்னியம்பட்டியில் கருத்தையா வீட்டுக் கொல்லை புளித்து நாறியது. சோற்றில் கலந்து கொடுத்த வசிய மருந்தைக் கக்கவைத்து எடுப்பது அவர் தொழில்.

சுந்தரபாண்டியன் ராணுவத்திலிருந்து லீவில் வந்திருந்தான். வந்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் அம்மா வெள்ளத்தாய் தேவதானத்திலிருந்து வந்து பார்த்தாள். "எம்புள்ளைக்கு மருந்து வச்சிருக்காக" என்றாள். யார் என்று சொல்லவில்லை. ராஜபாளையத்து வீட்டில் சமைப்பது ரெனிட்டா மட்டும்தான். வெள்ளத்தாய்க்குப் பிடிக்காத கிறிஸ்தவ மருமகள்.

"அம்மா மனசு ஆறட்டும். வா" என்று சுந்தரபாண்டியன் அழைத்தான். இன்றோடு இந்தப் பேச்சு ஒழியும் என்று ரெனிட்டா உடன் வந்தாள்.

கருத்தையா குப்பைக்குழி ஓரத்தில் ஒரு செடிக்கு மஞ்சள் நூல் கட்டினார். அதனிடம் மன்னிப்புக் கேட்டார். வேரோடு பிடுங்கினார். குப்பைமேனி. ரெனிட்டாவின் பூந்தொட்டிகளிலும் தானாக முளைக்கும். மகளுக்குச் சிரங்கு வந்தபோது உப்பு வைத்து அரைத்துப் பூசியிருக்கிறாள்.

ஒரு பூனை ஓடி வந்து வேரில் முகத்தைத் தேய்த்தது. எச்சில் ஒழுகப் புரண்டது. கருத்தையா அதைக் காலால் தள்ளிவிட்டு, அதே வேரை வேட்டியில் துடைத்தார்.

"வேரு வசியம் பண்ணும், எலை வசியத்த எடுக்கும். அந்தக் காலத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் அரமனையில ராசாவுக்கு வெசம் வச்சா, இதத்தான் குடுத்துக் கக்க வைப்பாகளாம்."

"எந்த ராசாவுக்கு?" என்றாள் ரெனிட்டா.

"செத்துப்போன ராசாவுக்கு."

"கக்கியும் செத்துட்டாரா?"

மருந்து எடுக்க வந்து காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "வாயப் பாரு" என்றாள் வெள்ளத்தாய்.

கருத்தையா சிரிக்கவில்லை. "வீட்டுல யாரு சமையல்?"

"நான்தான்."

"அப்ப நீதான் சட்டியப் பிடிக்கணும் தாயி. வச்ச கை பிடிச்சாத்தான் மருந்து வெளிய வரும்."

ரெனிட்டா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் மண்சட்டியை வாங்கினாள். விளிம்பில் யாருடைய வாந்தியோ காய்ந்து ஒட்டியிருந்தது.

கருத்தையா இலையைக் கசக்கிப் பிழிந்து கொடுத்த சாற்றைச் சுந்தரபாண்டியன் குடித்தான். சற்று நேரத்தில் சட்டியின் மேல் குனிந்தான். வெதுவெதுப்பாக அவள் முழங்கை வரை தெறித்தது. பச்சைக் குழம்பில் காலையில் அவள் அவித்த இட்லி மிதந்தது. கருத்தையா மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினார். விரலை மோந்து பார்த்தார். மறுபடி துழாவினார்.

"இந்தா இருக்கு."

தலைமுடிச் சுருள். சட்டியில் எல்லாம் சொட்டச்சொட்ட இருந்தது. அது மட்டும் காய்ந்திருந்தது.

"தூ" என்று வெள்ளத்தாய் துப்பினாள். எச்சில் ரெனிட்டாவின் கால்விரலில் விழுந்தது. கருத்தையா அந்தக் கையாலேயே எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார். வெள்ளத்தாய் வாயிலும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பைக் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் சுந்தரபாண்டியன் சிரித்தான்.

"முடி காஞ்சு கெடந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன்."

"வெரலிடுக்குல வச்சிருந்தான், களவாணிப்பய."

ரெனிட்டா அவன் முதுகில் தலை சாய்த்தாள்.

வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடி கழுவினாள். வாடை போகவில்லை. அவன் பசிக்கிறது என்றான். கஞ்சி காய்ச்சி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

அவன் அதை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு அவளிடமே நீட்டினான்.

"நீ ஒரு வாய் குடி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"முடி காஞ்சிருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீக?"

"சொன்னேன். ஒரு வாய்தான, குடியேன்."

அவள் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் காலி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

"அரிசி டப்பாவுல இருக்கு. இனிமே நீங்களே காய்ச்சிக்கங்க."

அவன் உதட்டோரத்தில் பச்சைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. சட்டியைப் பிடித்தபோது வராத குமட்டல் அப்போதுதான் அவளுக்கு வந்தது.